சிறு தொழிலுக்கு வெப்சைட்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

நிலாவெளி, விருந்தினர் விடுதி: அண்ணா, எங்களிடம் ஆறு அறைகள். வெப்சைட் செய்து தருபவர் எத்தனை பக்கம் வேணும் என்று கேட்கிறார். என்ன சொல்வது?

பக்கக் கணக்கை இப்போது விடுங்கள். ஒரு கொப்பியை எடுத்து, போன சீசனில் ஆட்கள் போனில் உங்களிடம் கேட்டதையெல்லாம் எழுதுங்கள். கடற்கரைக்கு எவ்வளவு நடக்க வேண்டும், ஏசி உண்டா, புறாத்தீவுக்குப் படகு பிடித்துத் தருவீர்களா, கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து விடியற்காலையில் இறங்கினால் அறை திறந்து தருவீர்களா. எது அதிகம் கேட்கப்பட்டதோ அதற்கான பதில் போனின் முதல் திரையிலேயே தெரிய வேண்டும். அந்தக் கொப்பிதான் உங்கள் வெப்சைட்டின் திட்டம். பக்கங்கள் அதிலிருந்து தானாக வரும். ஆறு அறைக்கு நாலைந்து பக்கம் போதும்.

விலையைப் போடுங்கள். "விலைக்கு அழைக்கவும்" என்று இருந்தால் பலர் அழைப்பதில்லை, அடுத்த விடுதியைப் பார்க்கப் போய்விடுவார்கள். சீசன் விலையையும் மாரிகால விலையையும் தனித்தனியாக எழுதுங்கள்.

படம் உங்கள் அறையின் படமாகவே இருக்கட்டும். காலையில் ஜன்னலைத் திறந்துவைத்து எடுங்கள். யாரோ எடுத்த மாலைதீவுக் கடற்கரையைப் போட்டால், வந்து இறங்குபவர் முதல் நிமிடமே ஏமாந்துபோவார். போனில் எடுத்த படம் ஒன்று 4, 5 எம்பி இருக்கும். அப்படிப் பத்துப் படம் ஏற்றினால், சிக்னல் குறைவான இடத்தில் பக்கம் திறக்காது. அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் படம் ஒன்று 200 கேபி அளவில் நிற்கும்.

பதிவு செய்ய நீளமான படிவம் வேண்டாம், ஒரு வட்ஸ்அப் பொத்தான் போதும். அந்த இணைப்பில் எண் 94 என்று தொடங்க வேண்டும், முன்னால் உள்ள பூச்சியமும் கூட்டல் குறியும் இருக்கக் கூடாது. இதைப் பிழையாகப் போட்டதால் வேலை செய்யாத பொத்தான்களை நம் ஊர்த் தளங்களிலேயே பார்த்திருக்கிறேன்.

ஏப்ரலில் சீசன் தொடங்குகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஜனவரியிலேயே தேடத் தொடங்குவார்கள். ஆகவே மாரி பெய்யும்போது வேலையை முடித்துவிடுங்கள்.

அப்புறம், டொமைன் பெயர், அதாவது வெப்சைட்டின் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் பதியப்பட வேண்டும். செய்பவரின் பெயரில் அல்ல.

கிண்ணியா, தையல் கடை: பேஸ்புக்கில் ஆறாயிரம் பேர் இருக்கிறார்கள் அண்ணன். வெப்சைட் எதற்கு?

பேஸ்புக்கை விடவே வேண்டாம் தங்கச்சி, ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு முடங்கினால் ஆறாயிரம் பேரும் ஒரே நாளில் போய்விடுவார்கள். அளவு கொடுக்கும் முறை, துணி வகை, கூலி, எத்தனை நாளில் கிடைக்கும் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி உங்கள் சொந்த டொமைனில் வையுங்கள். பேஸ்புக் பதிவுகளிலிருந்து அங்கே இணைப்புக் கொடுங்கள். டொமைன் உங்கள் பெயரில்.

உவர்மலை: மொத்தம் எவ்வளவு செலவாகும்?

டொமைனுக்கும், தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடமான ஹோஸ்டிங்குக்கும் வருடாவருடம் கட்ட வேண்டும், வடிவமைப்புக்கு ஒரு தடவை. மூன்றையும் தனித்தனியாக எழுதிய விலைப்பட்டியல் கேளுங்கள். ஒரே தொகையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போவதைப் பூட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பில் இலவசம், அதற்குத் தனிக்காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

உப்புவெளி, படகுச் சவாரி: திமிங்கிலம் பார்க்க வருபவர்கள் வெள்ளைக்காரர்கள். தளத்தில் தமிழ் போடச் சொல்வது வெறும் பாசம். காசு வீண்.

இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் பஸ் பிடித்து வரும் குடும்பங்கள் யார்? யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகத்து ஆட்கள், தெற்கிலிருந்து வரும் சிங்களக் குடும்பங்கள். லண்டனிலும் கனடாவிலும் இருந்து பிள்ளைகளோடு லீவில் வருபவர்களும் உண்டு. அவர்களும் படகில் ஏறுவார்கள். அந்தக் குடும்பத்தில் போனை வைத்திருப்பது பிள்ளை, போவதா வேண்டாமா என்று முடிவு சொல்வது அம்மம்மா.

மூதூர், மீன் வியாபாரம்: அப்படியென்றால் சிங்களமும் வேணுமே?

வேணும். இந்த மாவட்டத்தில் மூன்று மொழியும் பேசுகிறோம், தளமும் பேசட்டும். எல்லாப் பக்கத்தையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. விலை, நேரம், வரும் வழி, பாதுகாப்பு அங்கி உண்டா என்ற நான்கும் மூன்று மொழியில் இருந்தால் போதும்.

உப்புவெளி, படகுச் சவாரி: தமிழில் யாரும் கூகுளில் தேடுவதில்லை.

தேடுகிறார்கள். ஆனால் அவர்கள் கண்ணில் படும்படி நம்மவர்கள் எழுதுவதில்லை. திருகோணமலை என்று ஒருவர் தேடுவார், திருமலை என்று இன்னொருவர். இரண்டு பெயரும் உங்கள் பக்கத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். படத்துக்குள் அழகாக எழுதிவைத்ததைத் தேடல் பொறி நம்பத்தகுந்த விதத்தில் படிக்காது. டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் டொமைன்கூட இருக்கிறது.

மத்திய வீதி, அச்சகம்: நாங்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஏற்றினோம். ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வருகிறது.

இதைக் கேட்டதற்கு நன்றி, தமிழ்த் தளங்கள் பல சறுக்கிய இடம் இது. பாமினியில் "அ" என்று உங்களுக்குத் தெரிவது கணினிக்கு ஓர் ஆங்கில எழுத்துத்தான். அந்த எழுத்துரு இல்லாத போனில் அந்த ஆங்கில எழுத்தே தெரியும், கூகுளுக்கும் அதுவே தெரியும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் முறையில் தமிழுக்கென்று தனி இடம் உண்டு, எந்தப் போனிலும் தமிழாகவே வரும். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒரு தடவை முழுதாக வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கலாம்.

வடிவமைப்பவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். தமிழ்ச் சொல் நீளம், மேலும் கீழும் இடம் கேட்கும். ஆங்கிலத்தில் அழகாக இருந்த மெனு தமிழில் இரண்டு வரியாக உடையும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விடும் அமைப்பைத் தமிழுக்குப் பூச்சியமாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் "கொ" மூன்று துண்டாகத் தெரியும். முதல் நாளிலிருந்தே உண்மையான தமிழை நிரப்பி வடிவமைத்தால்தான் இவை கண்ணில் படும்.

சீனக்குடா: செலவு எவ்வளவு என்று சொல்லவில்லையே?

உவர்மலைக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

உள்துறைமுக வீதி: ஒருவர் கூகுளில் முதலிடம் உத்தரவாதம் என்கிறார்.

யாராலும் அப்படித் தர முடியாது, கூகுளே அதைச் சொல்கிறது. காசு கொடுக்காதீர்கள்.

குச்சவெளி: கார்டில் காசு வாங்கினால் வரி எப்படி?

அது என் துறை இல்லை. கணக்காளரைக் கேளுங்கள்.

சாம்பல்தீவு: டொமைனைத் தானே பதிந்து தருவதாக டிசைனர் சொல்கிறார், எனக்கு அலைச்சல் இல்லையாம். சரிதானே?

சரியில்லை. மூன்றாவது தடவையாக எழுதுகிறேன், காரணத்தையும் சொல்கிறேன். என் மைத்துனரின் கடைக்கு இப்படித்தான் ஒருவர் தன் பெயரில் பதிந்தார். இரண்டு வருடத்தில் வெளிநாடு போனார், ஈமெயிலுக்குப் பதில் இல்லை. தவணை முடிந்தது யாருக்கும் தெரியவில்லை. வேறு யாரோ அந்தப் பெயரை எடுத்துச் சூதாட்ட விளம்பரம் போட்டார்கள். கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் அந்த முகவரிதான் அச்சாகியிருந்தது. கடையை நம்பி முகவரியை அடித்த பழைய வாடிக்கையாளர்கள் அங்கே போய் இறங்கினார்கள். மைத்துனர் பலகையைக் கழற்றிய நாளில் நான் கூட இருந்தேன். உங்கள் கையால், உங்கள் கார்டில், உங்கள் ஈமெயிலில் பதியுங்கள். அரைமணி நேர வேலை.

கந்தளாய்: எவ்வளவு செலவு?

உவர்மலை.

தம்பலகாமம், எருமைத் தயிர்: வீட்டில்தான் உறை ஊற்றி விற்கிறோம், ஒரு நாளைக்கு நாற்பது சட்டி. எங்களுக்கும் வெப்சைட் வேணுமா தம்பி?

இப்போது வேண்டாம் அக்கா. நாற்பது சட்டியும் மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது என்றால் அந்தக் காசைப் பாலில் போடுங்கள். கூகுள் மேப்பில் மட்டும் வீட்டைக் குறித்துவிடுங்கள், இலவசம். திறக்கும் நேரம், போன் எண், சட்டிகள் அடுக்கிய ஒரு படம், "எருமைத் தயிர்" என்ற சொல். இடக்குறி வீட்டுப் படலையில் சரியாக விழுந்திருக்கிறதா என்று மகனை வீதியில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். வெளியூர் ஹோட்டல்கள் அழைக்கத் தொடங்கியதும் எழுதுங்கள், பக்கம் எப்படி அமைப்பது என்று அப்போது பார்ப்போம்.