தீப்புண் கட்டுக்கு எந்தப் படிப்பு? சாத்தூர் அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா.

"மகளுக்கு நீட் மார்க் போதவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் தீக்காயத்தோடு கிடந்ததைப் பார்த்ததிலிருந்து, தீப்புண்ணுக்கு நல்ல கட்டு கண்டுபிடிக்கிற படிப்புதான் வேண்டும் என்கிறாள். அப்படி ஒன்று இருக்கிறதா, சோறு போடுமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தப் பெயரில் இளநிலைப் படிப்பு கிடையாது. வேலை இருக்கிறது, ஆனால் அது நாலைந்து துறைகளில் சிதறிக் கிடக்கிறது. அதனால் கல்லூரிப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கட்டு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஆழமான தீக்காயத்தில் கருகிப்போன தோலுக்கு ரத்த ஓட்டம் இருக்காது. ஊசியிலோ மாத்திரையிலோ போகிற ஆன்டிபயாடிக் ரத்தத்தோடுதானே போக வேண்டும்? ரத்தம் எட்டாத இடத்தை மருந்தும் எட்டாது. கிருமிக்கு அது இலை போட்டு வைத்த பந்தி. ஆகவே மருந்தை மேலிருந்து கொடுக்கிறார்கள். 1968இல் சார்லஸ் ஃபாக்ஸ் அறிமுகப்படுத்திய சில்வர் சல்ஃபாடயஸின் என்ற வெள்ளைக் களிம்பு இன்றும் புழக்கத்தில் உள்ளது. கிருமியை அடக்கும், ஆனால் தினமும் பழைய களிம்பைக் கழுவித் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும், புதுத் தோல் வளர்வதையும் கொஞ்சம் தாமதப்படுத்தும். பிறகு 1990களில் நானோ வெள்ளி பூசிய டிரெஸ்ஸிங்குகள் வந்தன. அவற்றில் சிலவற்றை மூன்று நாள் வரை பிரிக்காமல் விடலாம். பக்கத்து வீட்டுப் பையன் கட்டு மாற்றும்போது போட்ட சத்தத்தை உங்கள் மகள் கேட்டிருந்தால், அந்த மூன்று நாளின் அருமை அவளுக்கே புரியும்.

ஒருமுறை மாணவர்களை ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். வட்டத் தட்டு முழுக்கப் பாலாடை படிந்த மாதிரி பாக்டீரியா. நடுவில் பொட்டு அளவுக்கு வெள்ளி பூசிய துணித் துண்டு. அதைச் சுற்றி மட்டும் ஒன்றுமே முளைக்காமல், கண்ணாடி போல ஒரு வளையம். "இதை யார் சார் செய்தது?" என்றான் ஒரு பையன். அங்கிருந்த பெண் சிரித்தார்: "துணி ஒருவர், வெள்ளி ஒருவர், கிருமி வளர்த்தது நான்."

உங்கள் மகள் அந்த மூவரில் யார் என்பதுதான் கேள்வி.

துணி என்றால் டெக்ஸ்டைல் டெக்னாலஜி. உடனே பனியன் கம்பெனி நினைவுக்கு வரும், தெரியும். ஆனால் காயத்தில் ஒட்டாத, நீரை உறிஞ்சுகிற, மூச்சு விடுகிற துணியை வடிவமைப்பது அந்தப் படிப்புக்காரர்கள்தான். கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில் மருத்துவத் துணிகளுக்கென்றே தனி மையம் இருக்கிறது. (நம் ஊரில் தீப்புண்காரரை வாழை இலையில் படுக்கவைப்பார்களே, அதுவும் ஒட்டாது என்பதற்காகத்தான். மும்பை மருத்துவர்கள் வாழை இலைக் கட்டை ஆராய்ந்து கட்டுரையே எழுதியிருக்கிறார்கள்.)

வெள்ளி, அதாவது மருந்துப் பக்கம் என்றால் பி.ஃபார்ம். கிருமிப் பக்கம் என்றால் பயோடெக்னாலஜி அல்லது மைக்ரோபயாலஜி. யாரும் கவனிக்காத இன்னொன்று லெதர் டெக்னாலஜி. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் கால்நடைத் தோலிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தை எடுத்துத் தீக்காயத்துக்கான மெல்லிய தாள்களை உருவாக்கியிருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பன்றியின் பித்தப்பையிலிருந்தே காயம் ஆற்றும் படலம் செய்தார்கள்.

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடுக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். மோசமில்லை. ஆனால் முடித்தவர்களில் பலர் மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலைக்கோ, விற்கும் வேலைக்கோ போகிறார்கள். இவள் கேட்பது அதுவல்ல. என்னைக் கேட்டால் டெக்ஸ்டைல் அல்லது பி.ஃபார்ம்.

முதலில் ஒன்று சரிபாருங்கள்: பிளஸ் டூவில் கணக்கு இருக்கிறதா? டெக்ஸ்டைலுக்குப் பொறியியல் கலந்தாய்வில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப் பார்க்கிறார்கள். கணக்கு இல்லாமல் உயிரியல் மட்டும் என்றால் பி.ஃபார்ம் வழி திறந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலுக்கும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

சோறு போடுமா என்றால், இளநிலையோடு நிறுத்தினால் ஆராய்ச்சி வேலை கிடைப்பது கடினம். டெக்ஸ்டைலுக்குப் பிறகு கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக், பி.ஃபார்முக்குப் பிறகு ஜிபேட் (GPAT) நுழைவுத் தேர்வு எழுதி எம்.ஃபார்ம் என்று ஆறு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். அவ்வளவு காத்திருக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்காவிட்டால் தரக்கட்டுப்பாடு, உரிமம் தொடர்பான வேலைகள் இருக்கின்றன. மருத்துவச் சாதனங்களுக்கு 2017இல் தனி விதிகள் வந்த பிறகு கம்பெனிகளுக்கு அந்த ஆவணங்களைத் தயாரிக்க ஆள் தேவைப்படுகிறது.

அப்புறம் ஒரு விஷயம். அவளிடம் கேளுங்கள்: கட்டைச் செய்ய ஆசையா, கட்டிவிட ஆசையா? கட்டிவிடத்தான் என்றால் பி.எஸ்சி நர்சிங், நான்கு வருடம். டாக்டர் ஆகாததால் நர்ஸ் ஆனாள் என்று உறவினர் பேசினால் பேசட்டும்.

அவள் பதிலையும் மதிப்பெண் பட்டியலையும் அனுப்புங்கள். கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடுவோம்.