வாசகர் கேள்வி: கைக்குழந்தையுடன் சிங்கப்பூர்

கேள்வி: என் 8 மாத மகனுக்கு இப்போதுதான் ராகிக் கூழும் இட்லியும் பழக்கியிருக்கிறோம். விடுமுறைக்குச் சிங்கப்பூர் செல்லும்போது அவனுடைய உணவுக்கு என்ன செய்வது?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: தாய்ப்பாலைத் தொடருங்கள், விமானம் மேலேறும்போதும் இறங்கும்போதும் பாலூட்டினால் காதுவலியும் குறையும். ராகி மாவை எடுத்துச் செல்லலாம். ஆனால் வெறும் வெந்நீரில் கரைத்தால் அது வேகாது என்பதால், செலவு சற்றுக் கூடினாலும் அடுப்பு வசதியுள்ள தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை. அது இயலாவிட்டால், மசித்த வாழைப்பழமும், சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பகுதியிலுள்ள சிராங்கூன் சாலை உணவகங்களில் சூடாகக் கிடைக்கும் இட்லியும், சாம்பாரும் சட்னியும் இல்லாமல், அவனுக்குப் போதும். சமைத்த உணவை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்து ஊட்டாதீர்கள். அங்குள்ள உறவினர்கள் ஆசையாக நீட்டினாலும், ஒரு வயது நிறையும்வரை தேன் கூடவே கூடாது.