கல்லு எத்தனை அடியில் என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்

கேள்வி: தெல்லிப்பழையில் எங்கள் காணியில் வீடு கட்டப் போகிறோம். அத்திவாரமும் மலசலகூடக் குழியும் வெட்ட இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் ஜேசிபிக்கு மணித்தியாலக் கணக்கு என்கிறார். மற்றவர் மொத்தமாகக் கொந்தராத்து, பாதிக் காசு முன்பணம் என்கிறார். நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அப்பாதான் தனியாக நின்று பார்க்கிறார். யாரிடம் கொடுப்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரிடமும் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் கல்லைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தெல்லிப்பழை இருக்கும் வலிகாமப் பகுதியில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் கிடக்கிறது, அதுவும் ஒரே மட்டத்தில் கிடப்பதில்லை. வளவின் ஒரு மூலையில் ஓரடியிலேயே கல் தட்டும், மற்ற மூலையில் ஐந்தடி மண் இருக்கும். மண் என்றால் ஜேசிபி மளமளவென்று வெட்டிவிடும். கல் என்றால் அதில் கல்லுடைக்கும் பிரேக்கர் பூட்ட வேண்டும், வேலை இழுபடும். மொத்த விலை சொன்னவர் கல் வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு மேலதிகக் காசு கேட்கலாம், அல்லது கல் வரும் என்று நினைத்து இப்போதே கூட்டிச் சொல்லியிருக்கலாம். மணித்தியாலக்காரரிடம் கல்லின் செலவு முழுக்க உங்கள் தலையில்தான்.

அதனால் முதலில் இரண்டு கூலியாட்களைப் பிடித்து, வீடு வரும் நான்கு மூலையிலும் மலசலகூடக் குழி வரும் இடத்திலும் இரண்டடிக்கு இரண்டடி சோதனைக் குழி வெட்டச் சொல்லுங்கள். அலவாங்கைப் போட்டால் மண்ணில் பொத்தென்று இறங்கும், கல்லில் கிண்ணென்று சத்தம் வந்து கை அதிரும். ஆனால் ஒரு குத்தில் முடிவெடுக்க வேண்டாம், மண்ணுக்குள் கிடக்கும் தனிக் கல்லும் அப்படித்தான் சத்தம் போடும். குழியின் அடியைக் கூட்டித் துடைத்து, கல் விரிந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழியிலும் அளவுநாடாவை வைத்து அப்பா ஒரு படம் எடுத்து அனுப்பட்டும்.

கல் கிட்டத்தில் இருந்தால் கவலைப்படாதீர்கள். இரண்டடியில் நல்ல இறுக்கமான கல் இருந்தால் அத்திவாரத்தை அதன் மேலேயே நிறுத்த முடியுமா என்று பொறியியலாளரிடம் கேளுங்கள். வரைபடத்தில் நாலடி என்று போட்டிருக்கிறது என்பதற்காக நல்ல கல்லை உடைத்து, பிறகு அதே பள்ளத்தைக் கொங்கிரீட்டால் நிரப்புவது வீண் செலவு. இதை நான் பல வளவுகளில் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை. மலசலகூடத் தாங்கியையும் பாதி நிலத்துக்கு மேலே எழுப்பிக் கட்டலாம். சுண்ணக்கல்லில் வெடிப்புகள் அதிகம், கழிவுநீர் அவற்றின் வழியே வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்விடும். யாழ்ப்பாணத்தில் குடிப்பதற்குப் பெரும்பாலும் நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கிறோம். ஆகவே தாங்கியின் அடியும் சுவரும் கசியாமல் பூசப்பட வேண்டும். இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். உங்கள் கிணற்றோடு பக்கத்து வளவுக் கிணற்றின் தூரத்தையும் அளக்க வேண்டும்.

சரி, உடைத்தே ஆக வேண்டும் என்றால் மண்ணுக்கு ஒரு விலை, கல்லுக்கு ஒரு விலை என்று இரண்டாகக் கேளுங்கள். இரண்டும் கியூப் கணக்கில் இருக்கட்டும். ஒரு கியூப் என்பது 100 கன அடி. உங்கள் குழி 10 அடி நீளம், 6 அடி அகலம், 7 அடி ஆழம் என்று வையுங்கள், மொத்தம் 4.2 கியூப். மேல் இரண்டடி மண் என்றால் 1.2 கியூப் மண், 3 கியூப் கல். இதையே வெட்டி டிப்பரில் ஏற்றினால் மண் ஏறக்குறைய கால்வாசியும் உடைந்த கல் பாதியளவும் பொங்கும், 6 கியூப் என்று கணக்கு வரும். காசு குழியில் அளந்த அளவுக்கா, டிப்பரில் ஏற்றிய அளவுக்கா என்பதை எழுதிவைக்காமல் வேலை தொடங்க விடாதீர்கள். பெரும்பாலான சண்டை இங்கேதான் வருகிறது.

மணித்தியாலக் கணக்கே வசதி என்றால் அப்பா காலையும் மாலையும் மெசினின் மீற்றரைப் படம் எடுக்க வேண்டும். டீசல் யாருடையது, மெசினைக் கொண்டுவந்து திருப்பிக் கொண்டுபோகும் செலவு யாருடையது, பழுதாகி நின்றால் நேரம் ஓடுமா, பிரேக்கர் பூட்டினால் என்ன விலை என்பதையும் முதலே பேசுங்கள். ஒழுங்கை ஒடுக்கம் என்றால் மெசின் திரும்புமா என்று ஓட்டுநரே வந்து பார்க்கட்டும்.

“மண்ணையும் கல்லையும் நானே எடுக்கிறேன், விலையைக் குறைக்கிறேன்” என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். செம்மண் தோட்டக்காரருக்குத் தேவையான பொருள், கல் உங்கள் அத்திவாரத்துக்கே உதவும். அதோடு மண், கல்லை வெளியே ஏற்றிச் செல்ல புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டியிருக்கும். டிப்பரை வழியில் மறித்தால் உங்கள் காணியின் பெயரும் வரும்.

இன்னொன்று, இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உங்கள் காணி முன்பு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்து விடுபட்டது என்றால், கண்ணிவெடி அகற்றிய இடம் என்றாலும் அந்தச் சோதனை குறிப்பிட்ட ஆழம் வரைதான் நடந்திருக்கும். மூடிய பதுங்குகுழி, தூர்ந்த கிணறு எங்கே இருந்தன என்று ஊரில் மூத்தவர்களிடம் கேட்டு, ஓட்டுநருக்குக் காட்டுங்கள். சந்தேகமான இரும்பு எதுவும் தெரிந்தால் தொடாமல், மெசினை நிறுத்தி, எல்லாரும் விலகி, 119க்கு அழைக்க வேண்டும். குழிக்குள் தண்ணீர் ஊறினால் எண்ணெயில் ஓடும் பம்பை உள்ளே இறக்கவே கூடாது. அதன் புகை கீழே தேங்கி, இறங்கியவர் மேலே வரமுடியாமல் போய்விடும். பம்ப் மேலே நிற்கட்டும், குழாய் மட்டும் கீழே போகட்டும். வெட்டிய மண்ணையும் குழியின் விளிம்பிலிருந்து மூன்றடியாவது தள்ளிப் போடுங்கள்.

ஐப்பசி மாரிக்கு முன்னர் வெட்டி முடித்தால் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டியிராது.

சோதனைக் குழிகளைக் காட்டி இருவரிடமும் திரும்பக் கேளுங்கள். குழிக்குள் எட்டிப் பார்த்து, கல்லைத் தட்டி, இரண்டு விலையை எழுத்தில் தருபவரிடம் வேலையைக் கொடுக்கலாம். பாதிக் காசு முன்பணம் வேண்டாம். மெசின் வந்து இறங்கும் நாளில் ஒரு சிறு தொகை, மண் எடுத்ததும் ஒரு பங்கு, கல் முடிந்து அளந்ததும் ஒரு பங்கு. கடைசிப் பங்கை, சுற்றி மண் போட்டு மூடுவதற்கு முன் அப்பாவும் அவரும் சேர்ந்து நாடா பிடித்து அளந்து, இருவரும் கையெழுத்து வைத்த பிறகு கொடுங்கள்.