கார்டு அழகா இருக்கு, வாங்கத்தான் ஆளில்ல!

கைவேலை கேள்வி-பதில்

கேள்வி: அக்கா, நான் குவில்லிங் பேப்பர்ல (மெல்லிசான கலர் பேப்பர் பட்டையைச் சுருட்டி ஒட்டுறது) பர்த்டே கார்டு, வெட்டிங் டே கார்டு எல்லாம் பண்றேன். பாக்குறவங்க சூப்பர் சூப்பர்ங்கிறாங்க, காசு குடுத்து வாங்கத்தான் யாரும் இல்ல. ஒரு கார்டுக்கு மெட்டீரியல் 25 ரூபா, ஒன்றரை மணி நேர வேலை. 50 ரூபான்னு சொன்னாலே முகம் சுளிக்கிறாங்க. எங்க கொண்டுபோய் விக்கிறது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: எங்க விக்கிறதுங்கிறது அப்புறம், மொதல்ல கணக்கைப் பாப்போம்மா. உங்க நேரத்துக்கு மணிக்கு வெறும் 60 ரூபா போட்டாலும் கூலி 90, மெட்டீரியல் 25, ஆக அடக்கமே 115 வந்துடுது, இதை கடைல வச்சு அவங்க 30 சதவீதம் கமிஷன் எடுத்தா 165க்கு வித்தாதான் உங்க கைக்கு அந்த 115 வரும். 50க்கு விக்கிறது வியாபாரமே இல்ல, தானம். அதனால ரெண்டு வகையா பிரிச்சுக்கோங்க. ஒன்றரை மணி நேர கார்டை ஆர்டர் வந்தா மட்டும் பண்ணுங்க, பேர் போட்டு, போட்டோ வச்சு, 200க்கு குறையாம. ஸ்டாக்குக்கு 20 நிமிஷத்துல முடியிற டிசைன் ஒண்ணு ரெண்டு போதும்.

இன்னொண்ணு, சொன்னா கோச்சுக்காதீங்க. பொங்கல் வந்தா பிளாட்பாரம் பூரா வாழ்த்து அட்டையா தொங்குன காலம் போயே போச்சு, இப்ப வாழ்த்தெல்லாம் வாட்ஸ்அப்லயே முடிஞ்சிடுது. ஆனா மொய் கவர் போகல! கல்யாணத்துக்குப் போறவன் ஜிபேல அனுப்பினாலும் அனுப்புவான், மேடையேறும்போது வெறுங்கையோட ஏற கூச்சப்படுவான். உங்க கைவேலையை அதுல காட்டுங்க. புது 500 ரூபா நோட்டு 15 செ.மீ நீளம், 6.6 செ.மீ அகலம், மடிக்காம போகணும்னா கவர் 17க்கு 8.5 இருக்கட்டும். மேல குவில்லிங் பூவை உசரமா ஒட்டாதீங்க, சட்டைப் பாக்கெட்ல போனதும் சப்பையாயிடும், தட்டையான பேப்பர் கட்டிங்தான் தாங்கும். ஒரு ரூபா காயினையும் நீங்களே டபுள் சைடு டேப்ல ஒட்டிக் குடுத்துடுங்க, கடைசி நேரத்துல சில்லறை தேடுறவங்க அதுக்காகவே வாங்குவாங்க.

விக்கிற இடம்னு பாத்தா பெரிய கிஃப்ட் ஷாப்பை விட பிளவுஸ் தைக்கிற டெய்லர், பியூட்டி பார்லர், கேக் பண்ற அக்கா, இவங்கதான் நல்ல இடம், விசேஷம் வச்சிருக்கிறவங்க அங்கதான் வந்து நிப்பாங்க. பத்து கவர் குடுத்துட்டு வித்ததுக்கு மட்டும் காசு வாங்கிக்கோங்க, எத்தனை குடுத்தோம்னு நோட்டுல எழுதி அவங்க கையெழுத்தும் வாங்கிடுங்க, தெரிஞ்சவங்கதானேன்னு விட்டீங்கன்னா அப்புறம் மனஸ்தாபம்தான் மிச்சம். மகளிர் குழுல இருந்தீங்கன்னா மகளிர் திட்ட ஆபீஸ்ல கல்லூரி சந்தை (குழுக்காரங்க காலேஜ்லயே கடை போட்டு விக்கிறது) எப்போன்னு கேளுங்க, காலேஜ் பிள்ளைங்க கார்டும் வாங்குவாங்க. ஆடில கல்யாணம் இல்லன்னு சும்மா உக்காராதீங்க, ஆகஸ்ட் மொத ஞாயிறு ஃப்ரெண்ட்ஷிப் டே, செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், ஆவணி பொறந்தா திரும்ப முகூர்த்தம். மிக்கி மவுஸ், டோரா படமெல்லாம் போட்டு விக்காதீங்க, காப்பிரைட் பிரச்சனை.

கேள்வி: வீட்ல இருந்தே கார்டு விக்க ஜிஎஸ்டி எடுக்கணுமா?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: பொருள் மட்டும் விக்கிறீங்க, தமிழ்நாட்டுக்குள்ளயே விக்கிறீங்க, வருஷ விற்பனை 40 லட்சத்துக்குள்ளன்னா வேண்டாம். அவ்ளோ கார்டு செஞ்சா விரல் இருக்காது! வெளிமாநிலத்துக்கு அனுப்புறதா இருந்தா ரூல் வேற, அதை ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

கேள்வி: போஸ்ட்ல அனுப்புன கார்டு நசுங்கிப் போகுது, என்ன பண்றது?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: கவர் மேல முத்திரை குத்துறதே போதுமே பூ நசுங்க! கார்டை விட நாலு பக்கமும் ஒரு விரல் பெருசா ரெண்டு அட்டைப்பெட்டித் துண்டு வெட்டி, நடுவுல பபிள் ரேப் சுத்தி கார்டை வச்சு ஓரத்தை டேப் போட்டுடுங்க. ரிஜிஸ்டர் போஸ்ட் 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேந்துடுச்சு, அதனால ஸ்பீட் போஸ்ட் சார்ஜையும் விலை சொல்லும்போதே சேத்து சொல்லிடுங்க. அப்புறம், ஒட்டின அன்னைக்கே பேக் பண்ணாதீங்க, பசை ஈரம் இருந்தா அட்டை வளைஞ்சு போகும், ஒரு ராத்திரி கனமான புக்குக்கு அடியில வச்சு எடுங்க. பூ ஒட்டுற வேலையை அதுக்கப்புறம் வச்சுக்கோங்க.