கட்டுச்சோறு முடிந்து அம்மா வீடு போகும்போது… - தாய்நலக் கேள்வி பதில்

கேள்வி: மருமகளுக்கு ஏழாம் மாசம் நடக்குதுங்க. கட்டுச்சோறு முடிச்சு, தாராபுரம் பக்கம் இருக்கற அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பறோம். இங்க பார்க்கற நர்சம்மாகிட்டச் சொல்லணுமா, அங்க போய்ப் புதுசாப் பதிஞ்சுக்கலாமா?
- வாசகி, சென்னிமலை

பதில்: சொல்லிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அங்கே புதிதாகப் பதியக் கூடாது. ஒரு கர்ப்பத்துக்கு ஒரே ஆர்சிஹெச் எண்தான், அதாவது தாய்சேய் நலப் பதிவு எண். பிக்மி நம்பர் என்று கேட்பார்களே, அந்த 12 இலக்க எண். அது ஆளோடு கூடவே போகும். இரண்டாவதாக ஒன்று வாங்கினால் இங்கே பார்த்த பிரஷர், ரத்த அளவு எதுவும் அங்கே இருப்பவர் கண்ணில் படாது. பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் இழுபறி வரும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சர்க்கரைப் பரிசோதனை முதலில் பதியும்போது ஒரு முறை, பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி ஒரு முறை. ஏழாம் மாதச் சீர் சரியாக அந்த இடத்தில் வந்து விழுகிறது. "அங்க போய் எடுத்துக்குவாங்க" என்று இங்கே நினைப்பார்கள். "இங்கியே எடுத்திருப்பாங்க" என்று அங்கே நினைப்பார்கள். கடைசியில் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே சீருக்கு நாள் குறித்ததுமே இதை முடித்துவிடுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிடத்தில் குடித்துவிட்டு, 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் மறுபடி எடுக்க வேண்டும். சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா இந்த எளிய முறையை வலியுறுத்தியதற்குக் காரணமே, பஸ் ஏறி வந்த பெண்ணை "வெறும் வயித்தோட நாளைக்கு வாம்மா" என்று திருப்பி அனுப்பினால் பலர் திரும்பி வருவதில்லை என்பதுதான்.

புறப்படுமுன் தாய்சேய் நல அட்டையில் ரத்த வகை, கடைசி ஹீமோகுளோபின், பிரஷர், டிடி ஊசி போட்ட தேதிகள், பிரசவ உத்தேசத் தேதி எல்லாம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தனியாரிடம் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டும் அதோடு இருக்கட்டும். இங்குள்ள நர்சம்மாவிடமே அங்குள்ளவருக்குப் போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் அங்கே முகம் காட்டிவிட வேண்டும்.

கேள்வி: ஆறாம் மாதம். மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.6-லேயே நிற்கிறது. ஏன்?
- வாசகி, காங்கேயம்

பதில்: முதலில் மாத்திரை உண்மையில் உள்ளே போகிறதா? வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பலர் பாதியில் நிறுத்திவிட்டு, நர்சம்மா கேட்டால் "சாப்பிடறனுங்க" என்பார்கள். கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட ஒன்றுமில்லை. பிரட்டினால் இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். அடுத்த சந்தேகம், கூடவே என்ன போகிறது என்பது. சுண்ணாம்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். டீ, காபி, பால், நெஞ்செரிச்சல் மாத்திரை எதையும் இதோடு சேர்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு நல்லது. பூச்சி மாத்திரை, அதாவது 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், மூன்று மாதம் கடந்த பிறகு ஒரு முறை கொடுத்தார்களா என்றும் பாருங்கள்.

உங்கள் அளவுக்கு நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை தேவை. ஒன்றுதான் போடுகிறீர்கள் என்றால் அதுவே காரணமாக இருக்கலாம். ஒழுங்காகப் போட்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராம் ஏறாவிட்டால் டாக்டரிடம் போய்விட வேண்டும். வேறு வகைச் சோகையா என்று அவர் பார்ப்பார், தேவைப்பட்டால் ஊசி வழியாக இரும்பு ஏற்றுவார். கம்பு, முருங்கைக்கீரை, பேரீச்சை எல்லாம் சாப்பிடுங்கள், ஆனால் 8.6-ஐ அவை மட்டும் தூக்கிவிடாது.

கேள்வி: எங்கள் ஊரில் பெண்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். நர்சம்மா வரும்போது வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மகளிர் குழு என்ன செய்யலாம்?
- சுயஉதவிக் குழுவினர், பல்லடம் வட்டாரம்

பதில்: அவர் மேல் புகார் எழுதுவதில் பயனில்லை. அவர் வேலை பார்ப்பது துணை சுகாதார நிலையத்தில்; அப்படி ஒன்றுக்குச் சமவெளியில் சுமார் 5,000 பேர் என்பது கணக்கு. வடக்கிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்களில் பலர் அந்தக் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள். மாதத்தில் ஒரு நாள், ஷிப்ட் முடிந்த மாலையிலோ ஞாயிறன்றோ அங்கன்வாடியில் பரிசோதனை வைக்கக் கேளுங்கள். எத்தனை கர்ப்பிணிகள், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார்கள் என்ற எண்ணிக்கையோடு கிராம சபையில் தீர்மானம் போட்டு வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்புங்கள். வாய்வார்த்தைக்குப் பதில் வராமல் போகலாம், தீர்மானத்துக்கு எழுத்தில் பதில் கேட்கலாம்.

குழு வைக்கும் பட்டியலில் பிரசவத் தேதி, ரத்த வகை, ரத்தம் கொடுக்க இருவர், ராத்திரியில் எடுக்க ஒரு வண்டி ஆகியவை போதும். யாருக்குக் கரு கலைந்தது, யார் காப்பர்-டி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அதில் ஏறக் கூடாது. அது ஒரு முறை வெளியே கசிந்தால் பிறகு யாரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

கேள்வி: கணவர் கருத்தடை செய்துகொள்ளத் தயார். தறி ஓட்ட முடியாமல் போகும் என்கிறார் மாமியார்.
- வாசகி, வெள்ளகோவில்

பதில்: போகாது. மரத்துப்போக ஊசி போட்டு, கத்தி வைக்காமல் சில நிமிடங்களில் முடிகிற வேலை. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாவு தூக்காமல் இருந்தால் போதும். ஆனால் அன்றே பலன் வராது: 3 மாதம் ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனை. கருத்தரித்துவிட்டு "ஆபரேஷன் பெயிலாயிடுச்சு" என்று வருகிறவர்களில் பலர் இந்த 3 மாதத்தை விட்டவர்கள்தான்.

கேள்வி: பிரஷர் ஏறி வலிப்பு வந்த தம்பி மனைவியை மலையிலிருந்து இறக்கும்போது, வழியில் சுகாதார நிலையத்தில் நிறுத்தி இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். அந்த நேரத்தில் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாமே?
- வாசகர், பர்கூர் மலை

பதில்: நிறுத்தியதுதான் சரி. அது மெக்னீசியம் சல்பேட். வலிப்பைத் தடுக்கும் மருந்து. இடுப்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 5 கிராம் வீதம் மொத்தம் 10 கிராம். அதைப் போடாமல் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் வண்டிக்குள்ளேயே மறுபடி வலிப்பு வரலாம். அந்த நேரத்தில் குடும்பத்தார் "விடுங்க, கீழ போய்ப் பாத்துக்கறோம்" என்று அவசரப்படுத்துவதுதான் ஆபத்து. வலிப்புக்கு முன்பே பிரஷர் 140/90, கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி புறப்படுமுன் பரிந்துரைச் சீட்டில் ஊசியின் அளவும் போட்ட மணியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த ஊசி எப்போது என்பதைக் கீழே இருக்கும் டாக்டர் அந்த மணியை வைத்துத்தான் முடிவு செய்வார்.