பாரி பாண்ட்ஸ்: 66% ஏன் போதவில்லை?

ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியல்) நுழைய 75% வாக்கு வேண்டும், அதனால்தான். 2022-இல் அமெரிக்க பேஸ்பால் வீரர் பாண்ட்ஸுக்கு 66% வாக்கு விழுந்தும் ஹால் ஆஃப் ஃபேமில் இடமில்லையே என்று கேட்டிருந்தீர்கள். பேஸ்பால் பத்திரிகையாளர்கள் வாக்கெடுப்பில் அது அவருடைய 10-ஆவது, கடைசி ஆண்டு. இனி அந்த வாக்கெடுப்பில் தேறாதவர்களைப் பரிசீலிக்கும் 16 பேர் குழுவில் 12 வாக்கு வாங்கினால்தான் உண்டு.

762 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டம்) அடித்தவரைத் தடுத்தது பெரும்பாலும் ஊக்கமருந்துச் சந்தேகம்தான். தேர்வு விதியில் நேர்மை, நடத்தையும் சேர்த்தி.

பாண்ட்ஸுக்காக நண்பரோடு வாதாடும்போது 1998 வரையான கணக்கை மட்டும் எடுத்துப் பாருங்கள்: 411 ஹோம் ரன், 445 ஸ்டோலன் பேஸ் (பந்து அடிபடாமலேயே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது), 3 எம்.வி.பி. (ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது). என்னைக் கேட்டால் அதுவே போதும்.

ஆனால் சந்தேகம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பது பரவலான கணிப்பு, நிரூபணம் இல்லை. அப்புறம், இன்னொரு பேஸ்பால் வீரரான பீட் ரோஸை இதில் இழுக்காதீர்கள். அவர் விவகாரம் சூதாட்டம், வாக்குச்சீட்டில் பெயரே வரவில்லை.