ஆலை முதலாளி விரிவுரையாளர் ஆகலாமா? கேள்வி பதில்

ஓமந்தை: ஐயா, இருபது வருசமாய் அரிசி ஆலை நடத்துறன். பொதுப் பட்டம் இருக்கு. பம்பைமடு வவுனியாப் பல்கலைக்கழகத்தில முயற்சியாண்மை படிப்பிக்கலாமோ?

வருகை விரிவுரையாளராக முயன்று பாருங்கள். நிரந்தரப் பதவிக்குச் சிறப்புப் பட்டத்தில் (ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்கும் பட்டம்) முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ கேட்பார்கள்; ஆலை அனுபவம் மட்டும் அதற்கு ஈடாகாது. இந்தியாவில் 2022 இல் வந்த 'நடைமுறைப் பேராசிரியர்' விதி 15 வருட அனுபவத்தை ஏற்கிறது, ஆனால் பதவிக்காலம் கூடியது 4 வருடம்தான். அந்த விதியைக் காட்டி இங்கே விண்ணப்பிக்க முடியாது. துறைத் தலைவருக்கு இரண்டு பக்கம் எழுதுங்கள்: எந்தப் பாடத்தில், எந்தத் தலைப்பை, எத்தனை மணித்தியாலம் எடுப்பீர்கள் என்று. நிறுவன வரலாறும் விருதுப் படங்களும் வேண்டாம்.

கிளிநொச்சி: எம்.பி.ஏ. பதியப் போறன். என்னத்தைப் பார்க்கோணும்?

ஆய்வுப் பகுதி இருக்கிறதா என்று. இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் 30 கிரெடிட் பாடநெறி மட்டுமென்றால் அது 9 ஆம் மட்டம். ஆய்வோடு 60 கிரெடிட் என்றால் 10 ஆம் மட்டம். படிப்பிக்கும் எண்ணம் இருந்தால் 10 ஐ எடுங்கள். காசு கட்ட முன்னமே கேளுங்கள்.

முல்லைத்தீவு: நான் பட்ட கஷ்டத்தைச் சொன்னாலே பிள்ளையளுக்குப் பாடம்தானே, அண்ணை?

இல்லைத் தம்பி. அரை மணித்தியாலம் ரசிப்பார்கள், சோதனையில் எழுத ஒன்றும் இராது. கதையை ஒரு முடிவெடுக்கும் இடத்தில் நிறுத்தி, கணக்கைக் கையில் கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு: மாசி மாதம், ஆலை வாசலில் லொறி. மெசினால் வெட்டின ஈர நெல் 10,000 கிலோ, ஈரப்பதன் 20%, கிலோ 120 ரூபா. காய்ந்த நெல் (14%) 128 ரூபா. எதை வாங்குவது?

வகுப்பில் பாதிப்பேர் எட்டு ரூபா லாபம் என்பார்கள். 20 நிமிடம் விடுங்கள். தண்ணீர் போக ஈர நெல்லில் 80%, காய்ந்ததில் 86%. ஆகவே காய்ந்தபின் எஞ்சுவது 10,000 × 80 ÷ 86, அதாவது சுமார் 9,300 கிலோ. போட்ட காசு 12 இலட்சம். ஆகவே கிலோ 129 ரூபா. காயவைக்கிற கூலி புறம்பு. மழை பிடித்தால் என்ன, உடைவு கூடினால் என்ன என்று அதற்குப் பிறகு கேளுங்கள். நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள் என்பதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வையுங்கள். முதலே சொன்னால் ஒருவரும் கணக்குப் போட மாட்டார்கள். புதிதாக வரும் தொழிலதிபர்கள் பெரும்பாலும் இதில்தான் சறுக்குகிறார்கள்.

செட்டிகுளம்: தொழிலில இருந்து போய்ப் பேராசிரியர் ஆனவை இருக்கினமோ?

சரஸ் சரஸ்வதி. தொழில்கள் தொடங்கி நடத்தியபின் அமெரிக்காவில் கார்னகி மெலனில் கலாநிதிப் பட்டம் முடித்து, வேர்ஜினியாப் பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் பேராசிரியரானார். அனுபவசாலிகளான 27 தொழில்முனைவோருக்கு ஒரே கற்பனைத் தொழிலைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லவைத்து ஆராய்ந்தார். எவ்வளவு லாபம் வரும் என்பதைவிட, எவ்வளவு நட்டத்தைத் தாங்கலாம் என்று அவர்கள் பார்ப்பதைக் காட்டினார். சொந்த அனுபவத்தோடு நின்றிருந்தால் அந்த ஆய்வு வந்திராது. ஸ்டீவ் பிளாங்க் வேறு ரகம்: எட்டு நிறுவனங்களுக்குப் பிறகு, 2011 இல் ஸ்டான்போர்டில் மாணவர்களை வாடிக்கையாளரிடமே அனுப்பும் பாடம் தொடங்கினார்.

நெடுங்கேணி: ஆலையைத் தம்பியிட்டைக் குடுத்திட்டு முழுதாய் இறங்கலாமோ?

வேண்டாம். வருகை விரிவுரைக்கு மணித்தியாலக் கணக்கில்தான் காசு, அதுவும் படிவம் போய்க் கையொப்பமாகி வரவேண்டும். வினாத்தாள் தயாரிப்பும் விடைத்தாள் திருத்தமும் அறுவடைக் காலத்தோடு மோதலாம். நேர அட்டவணை போடமுதல் உங்கள் மாதங்களைச் சொல்லிவிடுங்கள். மாணவரை ஆலைக்கு எடுத்தால் பயிற்சிக் கடிதம் துறையூடாகவே போகட்டும்.